எந்த பிரதர்?

சிஸ்டருக்கு அருவருப்பே கிடையாது என்று அவளை வேலைக்கு வைத்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். சீழ், கோழை, மலம், படுக்கைப் புண் இதெல்லாம் அவளுக்கு வேலை. வேலையைப் பற்றி அபிப்பிராயம் வைத்துக்கொள்ளும் வழக்கம் அவளுக்கு இல்லை. அவளுக்குக் குமட்டுவது வேறு. நோயாளியின் அறை வாசலில் செண்ட் தெளித்த கைக்குட்டையோடு நிற்கிறவர்களைக் கண்டால் குமட்டும். பழப் பையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்த கையோடு, கை கழுவ எங்கே இடம் என்று கேட்கிறவர்களைக் கண்டால் குமட்டும். படுத்துக் கிடப்பவரின் காதுபட, "இவருக்கு நினைவு இருக்கா?" என்று யாராவது கேட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

எதுவும் முகத்தில் தெரியாது, அவ்வளவுதான். இளவயதில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சிக்குப் போனபோது, அங்கே சொல்லிக்கொடுத்த அம்மா ஊசியையும் மருந்தையும் தொடவிடவில்லை; முதலில் முகத்தைப் பழக்கினாள். "உன் மூஞ்சிதான் அவனுக்குக் கண்ணாடி. நீ சுளிச்சா அவன் பாதி செத்துடுவான். மீதியை வச்சுக்கிட்டு டாக்டர் என்ன பண்ணுவார்?" என்பாள். அழுகிய கட்டுத்துணிகள் ஊறிக்கிடக்கும் பேசினைக் கையில் கொடுத்து, எதிரே கண்ணாடியை வைத்து நிறுத்திவிடுவாள். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக ஓடினார்கள். இவள் நின்றாள். அன்றிலிருந்து பெயர் கல்மூஞ்சி. கட்டிக்கொண்டவன்கூட, "வீட்டுக்கு வந்தாலாவது மூஞ்சியைக் கொஞ்சம் ஆட்டேன்டி" என்று கெஞ்சுவான். கடைசியில் அவனையும் அதே முகத்தோடுதான் துடைத்துக் குளிப்பாட்டி அனுப்பினாள். அழுகை பிறகு, அடுப்படியில்.

அறுபது தாண்டிய பிறகு அவள் போன வீடுகளில் ஒன்று பாஸ்டர் வீடு.

அந்த வீட்டில் முதல் நாளே ஒரு குழப்பம். வேலைக்கு வந்த இடத்திலெல்லாம் அவளை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். அது தொழில் பெயர். இங்கேயோ பால் கொண்டுவருபவர் பிரதர், எலெக்ட்ரீஷியன் பிரதர், முன் ஹாலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் சிஸ்டர். "சிஸ்டர்" என்று யாராவது குரல் கொடுத்தால் ஆறேழு தலைகள் ஒன்றாகத் திரும்பும். ஹாலில் முன் வரிசையில் உட்காரும் செருப்புக்கடைக்காரர், காது மந்தமான மனுஷன், அவள் கையுறையைப் பார்த்து அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். "நீங்க கிளவுஸ் சிஸ்டர். மத்தவங்க சும்மா சிஸ்டர்."

ஹாலின் ஒரு சுவர் முழுக்கத் துணியில் எழுதிய படம் தொங்கியது. இடது பக்கம் தீர்க்கதரிசிகள் முன்னால் சொன்னது. வலது பக்கம் அது நடந்தது. கன்னியின் மகன், பெத்லகேம், கழுதைக்குட்டி, முப்பது வெள்ளிக்காசு, சீட்டுப் போட்டுப் பங்கிட்ட அங்கி, முறிக்கப்படாத எலும்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு டிக். அதை வைத்து பாஸ்டர் வாரத்தில் இரண்டு மாலை வகுப்பு எடுப்பார். நல்ல குரல், நல்ல வெள்ளைச் சட்டை. வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. மேசியாவை அடையாளம் கண்டுகொள்வது எப்படி என்று அவரைப் போலப் பிட்டுப் பிட்டு வைக்க யாராலும் முடியாது என்றார்கள்.

படத்தின் மேல் சிஸ்டருக்கு ஒரு குறையும் இல்லை. வருவார் என்று சொல்லப்பட்டவர் சொன்னபடியே வந்தார் என்பதை அவள் பாவாடை சட்டை வயதிலிருந்து நம்புகிறவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சு; எந்த நேரமும் போன் வரும் என்பதால் கதவோரம். அவள் நம்பிக்கைக்கு அந்த இடமே போதுமாக இருந்தது.

அவளுடைய நோயாளி அடுப்படியைத் தாண்டி, முன்பு சாமான் போட்டு வைத்திருந்த அறையில் கிடந்தார். பாஸ்டரின் சொந்த அண்ணன். ஆயுசு முழுக்கக் கழிவுநீர் லாரி ஓட்டியவர். தொட்டிகளில் குழாயை விட்டு உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகிற வண்டி. அப்பா இல்லாத வீட்டில் அந்த வண்டிதான் தம்பியை வேதப் பள்ளி வரைக்கும் படிக்க வைத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எவ வருவா, மூக்கில்லாதவளாப் பாருங்க" என்பாராம். இப்போது கன்னத்தில் புற்று. நாக்கில் பாதியை எடுத்தாகிவிட்டது. கன்னம் உள்ளிருந்து வெளியே திறந்துகொண்டு, ஒரு பக்கத்துப் பல் வரிசை அப்படியே தெரியும். ஆகாரம் மூக்குக்குழாய் வழியாக. வாடை இருந்தது. இல்லை என்று பூசி மெழுக சிஸ்டர் தயாராக இல்லை. மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி, காஸ் துணி வைத்துக் கட்டினால் அரை நாள் அடங்கும்; பிறகு எழும்.

அவர் பேச்சு மற்றவர்களுக்கு வெறும் கொழகொழப்பு. சிஸ்டருக்கு நான்காம் நாளே புரிந்துவிட்டது.

"நாத்தம் எப்படி இருக்கு?" என்று கட்டைப் பிரிக்கும்போது கேட்டார்.

"இருக்குண்ணே."

"என் வண்டியை விடவா?"

"வண்டியைக் கழுவிடலாம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் புண் இழுக்கும், ரத்தம் கசியும். "சிரிக்க வைக்காத தாயி," என்றார். அவளாகச் சிரிக்க வைத்ததில்லை. உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தம்பி உள்ளே வர வேண்டும். வந்து, முகத்தைப் பார்த்து, தலையில் கை வைத்து ஒரு ஜெபம் செய்ய வேண்டும். கன்னம் திறந்துகொண்டதிலிருந்து தம்பி அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. அடுப்படியோடு நின்றுவிடுவார். "அண்ணன் தூங்குறாரா? சரி, தூங்கட்டும், தொந்தரவு பண்ண வேண்டாம்," என்று தானே கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொண்டு திரும்பிப் போவார். அண்ணன் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

"அவனுக்குச் சின்ன வயசுலயே எளகின மனசு," என்று தம்பிக்காகச் சப்பைக்கட்டு கட்டுவார்.

எளகின மனசாம். சிஸ்டர் கட்டுத்துணியை வாளியில் போட்டாள்.

தம்பி மனைவி நல்லவள்தான். பால் காய்ச்சித் தருவாள், துணி அலசித் தருவாள், ஆனால் கண்ணைத் தூக்கி அந்தப் பக்கம் பார்க்கமாட்டாள். ஒரு நாள் சிஸ்டரிடம் மெதுவாகச் சொன்னாள். "மூத்தவருக்கு ஒரு இல்லத்துல இடம் கேட்டிருக்காரு. திங்கக்கிழமை வண்டி வருது. ஹால்வரைக்கும் வாடை வருதுன்னு நாலு பேர் சொல்லிட்டாங்க. வகுப்புக்கு வர்றவங்க முகம் மாறுது, சிஸ்டர். பிரயாணம் தாங்குவாரா?"

"தாங்கமாட்டார்," என்றாள் சிஸ்டர். "போற வழியிலேயே போயிடுவார்."

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

திங்கட்கிழமைக்குள் தம்பி உள்ளே வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. லாரிக்காரருக்கும் எப்படியோ அது தெரிந்திருந்தது. அந்த வீட்டில் சுவர்கள் மெல்லியவை.

அன்று மாலை வகுப்பில் துன்பப்படும் தாசனைப் பற்றிய பாடம். வருகிறவருக்கு அழகு இருக்காது, ஆசையோடு பார்க்கும்படியான தோற்றம் இருக்காது, கண்டவர்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள் என்று ஏசாயா தீர்க்கதரிசி எத்தனையோ தலைமுறைக்கு முன்பே சொல்லிவிட்டார். அது அப்படியே சிலுவையில் நடந்தேறியது என்று பாஸ்டர் அடுக்கிக்கொண்டே போனார். குரல் கம்மியது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். குச்சியால் வலது பக்கத்து டிக்கைத் தட்டினார்.

பின்னறையில் அண்ணன் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எப்படிச் சொல்றான் பாத்தியா," என்றார். பெருமை. உண்மையான பெருமை. சிஸ்டருக்கு அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

செருப்புக்கடைக்காரரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது; காது மந்தமானவர்களுக்குத் தாங்கள் போடும் சத்தம் தெரியாது. "பாஸ்டர், ஒரு சந்தேகம். ஏரோது ராஜா மேசியா எங்க பொறப்பாருன்னு கேட்டப்ப, படிச்சவங்க டக்குன்னு பெத்லகேம்னு சொன்னாங்களே. சொன்னவங்க யாராவது போய்ப் பாத்தாங்களா?"

"இல்லை பிரதர். போகவில்லை."

"ஏன்? பக்கத்து ஊர்தானே?"

"அலட்சியம், பிரதர். வசனம் தெரிந்தது, வாஞ்சை இல்லை."

"அப்ப ஆட்டுக்காரனுங்கதான் போனானுங்க. ஆட்டு வாடையோட."

எல்லாரும் சிரித்தார்கள், பாஸ்டரும். பிறகு ஜெபம். கடைசியில் எப்போதும் போல ஒரு வரி: "இந்த வீட்டில் சுகவீனமாகக் கிடக்கிற ஒரு பிரதரையும் நினைத்தருளும்."

ஜெபம் முடிந்ததும், ஹாலுக்கு வரும் பெண்களில் ஒருத்தி, தையற்கடை வைத்திருப்பவள், பழப் பையோடு பின்னறை வாசலுக்கு வந்தாள். சிஸ்டர் கையுறையோடு கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தையற்கடைக்காரி மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, வாசலிலிருந்தே சொன்னாள்.

"இந்தக் காலத்துல யார் செய்வா, சிஸ்டர்? சொந்தமா பந்தமா? நிர்க்கதியாக் கிடந்த சபை பிரதரைத் தன் வீட்டுலயே வச்சுப் பாக்குறாரே. நம்ம பாஸ்டர் மனுஷனே இல்ல, தேவதூதன்."

சிஸ்டருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வருகிறவர்கள் யாருக்கும் இது பாஸ்டரின் கூடப்பிறந்தவர் என்று தெரியாது. மூச்சுக்கு மூச்சு எல்லாரையும் பிரதர் என்கிற வீட்டில், பாஸ்டர் ஒரு பொய்கூடச் சொல்லத் தேவைப்படவில்லை. பிரதர் என்றார், அவர்கள் சபை பிரதர் என்று எடுத்துக்கொண்டார்கள், அவர் அந்தத் தப்பைத் திருத்தாமல், அதில் கிடைத்த பாராட்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். கழிவுநீர் லாரி ஓட்டியவர் தன் அண்ணன் என்று சொல்வதைவிட, அநாதை ஒருத்தரை வைத்துப் பார்க்கிறேன் என்பது அழகாக இருக்கிறது.

அத்தனை வருஷத்தில் ஒரு நோயாளியின் முன்னால் முதல் முறையாகக் கல்மூஞ்சியின் முகம் சுளித்தது. உதடு கோணி, மூக்கு சுருங்கி, ஒரு விநாடி.

அந்த விநாடியில் லாரிக்காரர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டு பாதி பிரிந்திருந்தது. அவர் என்ன நினைத்தார் என்பது கண்ணிலேயே தெரிந்தது. மெதுவாகக் கையை எடுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணே, உங்களைப் பாத்து இல்லண்ணே."

அவர் போர்வையைக் கன்னம்வரை இழுத்துக்கொண்டார்.

"அந்தப் பொம்பள பேச்சைக் கேட்டுத்தான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க," என்றார் சுவரைப் பார்த்து. "போ தாயி. மூடிட்டுப் போ."

மறுநாள் கட்டு மாற்ற விடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கையைப் பிடித்துத் தள்ளினார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்தது என்று தெரியவில்லை. கட்டுத்துணி ஊறிப் பச்சையாகி, தலையணையில் ஒட்டிக்கொண்டது. இரண்டு ஈக்கள் அறையை விட்டுப் போகவே மறுத்தன. ஈ உட்கார்ந்தால் அடுத்து என்ன நெளியும் என்று அவளுக்குத் தெரியும். சிஸ்டர் தன்மேலேயே காறித் துப்பாத குறை. எவனோ ஒருத்தன் மேல் இருந்த அருவருப்பைக் கொண்டுபோய் இந்த மனுஷன் தலையில் கொட்டியாயிற்று. பயிற்சி கொடுத்த அம்மா இருந்தால் பேசினாலேயே அடித்திருப்பாள்.

"தம்பிகிட்டப் போய்ச் சொல்லட்டுமா? எல்லார் முன்னாலயும்?" என்று கேட்டாள்.

"சொல்லாத. நீ சொல்லி அவன் வர வேண்டாம்."

அடுத்த வகுப்பு நாள் வந்தது. வாடை ஹாலுக்குள் தாராளமாகப் போய்விட்டிருந்தது. ரூம் ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். சீழோடு மல்லிகை வாசனை சேர்ந்து, சீழே தேவலை என்றிருந்தது. பாஸ்டர் அன்றைக்கு உயிர்த்தெழுதலுக்கு வந்திருந்தார். அடுப்படியில் வெந்நீர் வைத்துவிட்டு, முன் வாசலில் காய வைத்திருந்த பேசினை எடுத்துக்கொண்டு ஹால் ஓரமாக சிஸ்டர் திரும்பியபோது, செருப்புக்கடைக்காரர் கையை நீட்டி மறித்தார்.

"கிளவுஸ் சிஸ்டர், உள்ள இருக்குற பிரதர் எப்படி இருக்காரு?"

"கட்டு போட விடமாட்டேங்குறாரு."

"ஐயோ பாவம். பேர் சொல்லி ஜெபம் பண்ணலாம்னு பாக்குறேன். அவர் பேரென்ன? எந்த ஊர்ச் சபை பிரதர்?"

சொல்லாதே என்று அவர் சொல்லியிருக்கிறார். பொய் சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை. பேசினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "பாஸ்டரைக் கேளுங்க," என்றாள்.

எல்லாத் தலைகளும் பாஸ்டர் பக்கம் திரும்பின. பாஸ்டரின் குச்சி படத்தின் நடுவில் நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

"எந்த பிரதர், பாஸ்டர்?" என்று செருப்புக்கடைக்காரர் காதில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அவர்... நமக்கு... ரொம்ப நாளா அறிமுகமான ஒரு..."

அவர் முடிக்கவில்லை. பின்னறையிலிருந்து ஒரு குரல் வந்தது. பாதி நாக்கும் ஒரு பக்கத்துக் கன்னமும் மட்டுமே உள்ளவனின் குரல். ஆனாலும் லாரி இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல்.

"டேய், மூக்கொழுகி."

ஹாலில் ஒருவருக்கும் புரியவில்லை. சிஸ்டருக்கே அரைகுறையாகத்தான் புரிந்தது. ஒருவருக்கு மட்டும் தெளிவாகப் புரிந்தது. ஐந்து வயதில் சளி வழிய வழியத் தெருவில் நின்றவனை அந்தப் பெயரால் கூப்பிட்டு, தன் சட்டை நுனியால் மூக்கைத் துடைத்துவிட உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தான்.

"என்னண்ணே," என்றார் பாஸ்டர்.

யோசித்துச் சொன்னதல்ல. தும்மல் போல வந்துவிட்டது. மேடைக் குரல் இல்லை, சின்னப் பையன் குரல். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தையற்கடைக்காரி வாயில் கையை வைத்தாள். தம்பி மனைவி அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொன்னாரு?" என்றார் செருப்புக்கடைக்காரர் பக்கத்து ஆளிடம்.

"அண்ணேங்கிறாரு."

"யாரை?"

பாஸ்டர் குச்சியைக் கீழே வைத்தார். படத்தை ஒரு தரம் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு போனார். சிஸ்டர் பேசினோடு பின்னாலேயே போனாள். பெரிய மனமாற்றம் எதையும் அவள் எதிர்பார்க்கவில்லை. நடுவில் எங்காவது மயங்கி விழுந்து தொலைத்தால் இன்னொரு நோயாளி என்பதுதான் அவள் கவலை.

பாஸ்டர் அறைக்குள் மூன்றடி வந்தார். அண்ணன் சுவரை விட்டுத் திரும்பியிருந்தார். கன்னத்திலிருந்து கை எடுத்தாகிவிட்டது. ஊறிய கட்டு அவிழ்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. பல் வரிசையும், அதற்குக் கீழே கருத்துப்போன சதையும், ஈயும் எல்லாம் தெரிந்தன. தம்பி பார்த்தார். கண்ணை மூடவில்லை; அதை மட்டும் சிஸ்டர் அவர் கணக்கில் வரவு வைத்தாள். வாயைத் திறந்தார், ஜெபம் செய்யத்தான். வந்தது வாந்தி; கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

கட்டிலருகே ஸ்டூலில் இருந்த, கோழை பிடிக்கிற கிட்னி டிரேயை லாரிக்காரர் எட்டி எடுத்தார். எழுந்து உட்கார முடியாத மனுஷன், முழங்கையை ஊன்றி, தம்பியின் மோவாய்க்குக் கீழே அதைப் பிடித்தார். இன்னொரு கையால் அவர் பிடரியைத் தாங்கினார். தலையில் கை வைக்கச் சொல்லிக் கேட்டவர் அவர். கடைசியில் அவர் கைதான் தம்பி தலையில் இருந்தது. டிரே நிரம்பி, வெள்ளைச் சட்டையிலும் கொஞ்சம், விரிப்பிலும் கொஞ்சம். மதியம் சாப்பிட்டதெல்லாம்.

சிஸ்டருக்கு சீழ் பழக்கம், மலம் பழக்கம். அடுத்தவர் வாந்தி மட்டும் எந்தக் காலத்திலும் பிடிக்காது. அதையும் இத்தனை நாள் காட்டிக்கொண்டதில்லை; இப்போது முகம் தானாகக் கோணியது. நன்றாகவே கோணியது.

லாரிக்காரர் அதைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்து, தன் கன்னத்தை விரலால் காட்டி, புருவத்தை உயர்த்தினார். இதுக்கா?

"அதுக்கு இல்லண்ணே," என்றாள் சிஸ்டர். "இவர் பண்ணின வேலைக்கு. அன்னிக்கும் இவராலதான்."

அவர் சிரித்துவிட்டார். புண் இழுத்தது, ரத்தம் கசிந்தது, அவர் பாட்டுக்குச் சிரித்தார். தம்பி டிரேயின் மேல் குனிந்தபடி அழுதுகொண்டிருந்தார். சிஸ்டருக்கு அந்த அழுகையும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அழுகிறவர்கள் இடத்தை அடைத்துக்கொள்வார்கள். ஆனாலும் வெளியே போகச் சொல்லவில்லை.

"திங்கக்கிழமை வண்டி?" என்று கேட்டாள்.

"வேண்டாம்னு சொல்லிடுறேன், சிஸ்டர்," என்றார் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு.

"சரி. டிரேயைக் கழுவி எடுத்துட்டு வாங்க. நீங்கதான் கழுவணும்."

கழுவிக்கொண்டு வந்தார். ஹாலில் யாரும் இன்னும் எழுந்து போகவில்லை. செருப்புக்கடைக்காரர் மட்டும் அறை வாசலுக்கே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். லாரிக்காரர் கையைக் கீழே போட்டுக் கன்னத்தைக் காட்டினார். சிஸ்டர் வெந்நீரில் துணியை நனைத்து, தலையணையோடு ஒட்டியிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தாள். புண்ணின் உட்பக்கம் இருட்டாக இருந்தது. டார்ச்சை எடுத்து பாஸ்டர் கையில் கொடுத்தாள். அவர் முகம் கதவைப் பார்த்திருந்தது; வெளிச்சம் கூரையிலும் சுவரிலும் அலைந்தது.

"நேராப் பிடிங்க, பாஸ்டர். அங்க இல்ல. இங்க பாருங்க."

பார்த்தார். உடனே இன்னொரு தரம் டிரே கேட்டார். கொடுத்தாள். பிறகு மறுபடியும் டார்ச்சைக் கொடுத்தாள்.